நால்வரையும் ஒரே கல்லூரியில் சேர்க்காதீர்கள்

உங்கள் கேள்வி இது: அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் ஒரே பள்ளியில் பிளஸ் டூ முடித்த இசக்கி, காதர், பெனிட்டா, மகேஸ்வரி என்ற நான்கு நண்பர்கள் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் முதலாண்டு சேர்கிறார்கள். பதினைந்து வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ளவர்களுக்காக அதை நாவலாக எழுதுகிறீர்கள். முப்பது பக்கத்தோடு நின்றுவிட்டது. எதை எழுதினாலும் சினிமாவில் பார்த்த கல்லூரியாகவே வருகிறது, எங்கே கோளாறு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கலைக்கல்லூரியில் பாடம் எடுக்கிறவன், இளையோருக்கான கைப்பிரதிகளைப் படித்துச் சொல்வதும் உண்டு. அந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் நடையில் குறையில்லை. ஆட்களும் பரவாயில்லை (மதத்துக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டது மட்டும் வெளியே தெரிகிறது. அதை எப்படி மறைப்பது என்று பிறகு பார்க்கலாம்). கதை நகராததற்குக் காரணம், நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான். பிளஸ் டூ வரை அப்படி உட்கார்ந்தவர்களை நம்முடைய சேர்க்கை முறை அதற்குப் பிறகு அப்படி உட்கார விடுவதில்லை. முதலாண்டின் கதையே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. அதை நீங்கள் முதல் வரியிலேயே, 'நால்வருக்கும் ஒரே கல்லூரியில் இடம் கிடைத்தது' என்று தாண்டிவிட்டீர்கள். அந்த வரியில் ஒரு நாவலே கிடக்கிறது.

ஆகவே கல்லூரி வாசலில் தொடங்காதீர்கள். மே மாதத்தில் தொடங்குங்கள். பிளஸ் டூ முடிவு மே முதல் பாதியில் வந்துவிடும். அன்று பிற்பகலுக்குள் அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் வீட்டில் எல்லாம் ஒரே கணக்குதான்: கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, ஆக மொத்தம் 200. காதர் கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 96, 44, 45 சேர்த்து பொறியியல் கட்-ஆஃப் 185. இசக்கிக்கும் கணிதத்தில் அதே 96 கொடுங்கள், மற்ற இரண்டிலும் கொஞ்சம் குறையுங்கள். அரை மார்க், ஒரு மார்க் வித்தியாசம் அதுவரை அவர்களுக்குள் கேலிப் பொருள். கலந்தாய்வுத் தரவரிசையில் அதே அரை மார்க்குக்குள் எத்தனையோ பேர் அடங்கியிருப்பார்கள்.

அடுத்து, காலம். இதைத்தான் வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் தவற விடுகிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகள் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ முதலாண்டு வகுப்பைத் தொடங்கிவிடும். பொறியியல் கலந்தாய்வோ அதற்குப் பிறகும் சுற்றுச் சுற்றாகப் போய்க்கொண்டிருக்கும். மருத்துவம் இன்னும் தாமதம். அதனால் ஜூலையில் பி.எஸ்சி. முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் அங்கே இல்லை. இடம் கைவசம் இருக்கட்டும் என்று சேர்ந்திருக்கிறார்கள், கண் முழுக்க போனில் வரப்போகிற ஒதுக்கீட்டின் மேல். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபடும். நான் வகுப்பில் பெயர் வாசிக்கும்போது 'அவன் டி.சி. வாங்கிட்டான் சார்' என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். ஒருமுறைகூடச் சொன்னவர் முகத்தில் சிரிப்பு இருந்ததில்லை.

இதை உங்கள் கதைக்குள் கொண்டுவாருங்கள். காதரும் இசக்கியும் ஒரே பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பில் சேரட்டும். பக்கத்துப் பக்கத்து இருக்கை. காதருக்கு இரண்டாம் சுற்றில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் வந்துவிட்டது. அதை இசக்கியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவைத்த ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று கேட்க வேண்டும். இத்தனையும் இசக்கி கண்ணில் படாமல் நடக்க வேண்டும். அத்தியாயத்துக்குத் தேவையான பதற்றம் இதிலேயே இருக்கிறது. வில்லன் யாரும் வேண்டியதில்லை.

உரையாடலில் இதை எப்படி வைப்பது என்று ஒரு துண்டு தருகிறேன். உங்கள் பையன்கள் வாய்க்கு வாய் 'மச்சி' போடுகிறார்கள். அம்பை ரயிலில் வருகிற பிள்ளைகள் பேச்சு இன்னும் வேறு:

"ஏல, எங்க கெடந்த? ரெண்டு நாளா ரயில்ல ஆளக் காணும்."

"பஸ்ல வந்தேன்."

"சீசன் எடுத்து வச்சிட்டு எதுக்குல பஸ்ல வார?"

"சும்மாதான்."

"சும்மாவா? கைல காசு முளைச்சிருக்கோ?"

காதர் பதில் சொல்லவில்லை. இவ்வளவு போதும். வாசகருக்கு முந்தைய பக்கத்தில் காதரின் போனுக்கு வந்த குறுஞ்செய்தி தெரியும், இசக்கிக்குத் தெரியாது.

இசக்கிக்கு ஏன் பொறியியல் இல்லை என்ற கேள்வி வரும். மார்க் போதவில்லை என்று எழுதிவிடலாம், ஆனால் அது சோம்பேறி விடை. இதைப் பாருங்கள். 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. இசக்கி பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி. பிளஸ் ஒன்னுக்கு, 'அங்கன நல்லா சொல்லிக் குடுப்பாவ' என்று அவன் அப்பா அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றிவிட்டார். நால்வரும் நண்பர்களானது அங்கேதான். அந்த ஒரு மாற்றத்தால் 7.5 கைவிட்டுப் போயிற்று. முதல் பட்டதாரி சலுகையாவது உண்டா என்றால், அவன் அக்கா ஏற்கெனவே பட்டம் வாங்கியவள். பையன் நன்றாக வரவேண்டும் என்று அப்பா செய்த காரியம் அவனுக்கு நண்பர்களைக் கொடுத்து, கல்லூரியைப் பிடுங்கிக்கொண்டது. அப்பாவைத் திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. உங்கள் இசக்கி இப்போது எழுந்து நடப்பான்.

மகேஸ்வரிக்கு மருத்துவக் கனவு என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு அவளை ஏன் பி.எஸ்சி. வகுப்பில் உட்காரவைத்தீர்கள்? 720-க்கு எழுதிய நீட்டில் மார்க் வரவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் 'இன்னொரு வருஷம் பார்க்கலாம்' என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பெயரே 'ரிப்பீட்டர்'. மற்ற மூவரும் கல்லூரிக்குப் போக, இவள் அம்பையில் மாடி அறையில் பழைய உயிரியல் புத்தகத்தோடு இருக்கட்டும். நால்வருக்குமான வாட்ஸ்அப் குழுவில் கேன்டீன் படம் வரும், முதல் நாள் சேலை கட்டிய படம் வரும். மகா ஒரு இதயம் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பாள். கொஞ்ச நாளில் மூவரும் அவள் மனசு நோகுமே என்று குழுவில் படம் போடுவதை நிறுத்துவார்கள். அது அவளை இன்னும் நோகடிக்கும்.

என்னைக் கேட்டால், கதையை மகாவின் வாயிலாகச் சொல்வதுதான் சரி என்பேன். முதலாண்டுக் கல்லூரியைப் பற்றிய நாவலை, கல்லூரிக்கே போகாத பெண் சொல்கிறாள். எல்லாச் செய்தியும் அவளுக்கு அரைகுறையாகத்தான் வந்து சேரும், ஆளுக்கொரு விதமாக வரும். நால்வரும் மாறி மாறிச் சொல்வதாக நீங்கள் அமைத்திருப்பதற்கு நான்கு தனித்தனிப் பேச்சு வேண்டும். இப்போது நால்வரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அத்தியாயத் தலைப்பில் பெயர் போட்டிருப்பதால்தான் யார் என்று தெரிகிறது. கல்லூரிக்குள்ளிருந்து நேராகப் பார்க்க ஒரு கண் வேண்டும் என்று தோன்றினால் இசக்கியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு குரலுக்கு மேல் வேண்டாம்.

பிரித்துவிட்டால் மறுபடி எப்படிச் சந்திக்கவைப்பது என்று பயப்படாதீர்கள். அதற்குத்தான் பாளையங்கோட்டை இருக்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்த பெயரை விடுங்கள். கதைக்காரருக்குப் பயன்படுவது வேறு. தூய யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி 1895, தூய சவேரியார் கல்லூரி 1923 என்று ஒரு சின்ன ஊருக்குள் பழைய கல்லூரிகள் நெருக்கமாக இருக்கின்றன. வெவ்வேறு கல்லூரியில் படிக்கிறவர்கள் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள், ஒரே ஜெராக்ஸ் கடையில் வரிசையில் முட்டிக்கொள்வார்கள். பெனிட்டாவைப் பெண்கள் கல்லூரியில் சேருங்கள். ஐந்து மணிக்கு மேல் அவளைப் பார்க்க முடியும், ஆனால் அவள் புதுத் தோழிகளோடு நிற்பாள். அந்தப் பெண்கள் முன்னால் இசக்கி அவளை 'ஏட்டி' என்று கூப்பிடலாமா கூடாதா? பள்ளியில் ஐம்பது தடவை கூப்பிட்டவன்தான். இப்போது தொண்டையில் நிற்கிறது. அவள் பெயரையும் சொல்லாமல், 'பஸ் வந்துட்டு' என்கிறான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஊரை உண்மையாக வையுங்கள், நீங்கள் கதை நடத்தும் கல்லூரிகளுக்குப் பெயரை நீங்களே வையுங்கள். அங்கே ஒரு துறைத்தலைவரைக் கொடுமைக்காரராக எழுதிவிட்டு உண்மையான கல்லூரிப் பெயரைப் போடுவது உங்களுக்கும் நல்லதல்ல, பதிப்பாளருக்கும் நல்லதல்ல.

ரயிலை விட்டுவிடாதீர்கள். உங்கள் முப்பது பக்கத்தில் உயிரோடு இருக்கும் பகுதி அதுதான். செங்கோட்டையிலிருந்து வரும் காலை பாசஞ்சர், அம்பையில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை, டவுன், ஜங்ஷன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கூட்டம் ஏறும். பேட்டையில் ஒரு கூட்டம் இறங்கிவிடும், அந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அவர்கள். இடம் பிடித்துவைப்பது, டிபன் பாக்ஸை ரயிலிலேயே காலி செய்வது, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து முடிப்பது, எல்லாம் அங்கேதான். நட்பின் வரைபடம் யார் யாருக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள் என்பதில் தெரிந்துவிடும். ஜூலையில் இசக்கி பையை வைத்து காதருக்கு இடம் பிடிக்கிறான். அக்டோபரில் அந்த இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், இசக்கியே நகர்ந்து இடம் கொடுத்தான். எந்த விளக்கமும் எழுதாதீர்கள்.

கல்லூரிக்குள்ளேயும் இதேபோல் பிரிக்கிற, சேர்க்கிற ஏற்பாடுகள் உண்டு. கல்லூரி வாழ்க்கை என்றால் கல்ச்சுரல்ஸ் என்று நினைக்கிறவர்களுக்கு அவை தெரிவதில்லை. பல கல்லூரிகளில் ஒரே பாடம் 'எய்டட்' (அரசு உதவிபெறுவது) ஒன்று, 'செல்ஃப்' (சுயநிதி) ஒன்று என்று இரண்டாக ஓடும். பாடத்திட்டம் ஒன்றே, கட்டணம் வேறு. வகுப்புக்குள் யாரும் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஷிப்ட் வைத்து நடத்தும் கல்லூரிகள் உண்டு: காலை ஷிப்ட் மதியம் ஒரு மணி வாக்கில் முடியும், அடுத்தது தொடங்கும். பள்ளியில் ஒரே சைக்கிளில் வந்த இருவர் இப்போது கல்லூரி வாசலில் தினமும் பத்து நிமிடம் எதிரெதிராகச் சந்திக்கிறார்கள், ஒருவன் பசியோடு வெளியே வருகிறான், ஒருவன் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகிறான்.

பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது பார்ட் ஒன் வகுப்பு. பி.ஏ., பி.எஸ்சி. எதுவானாலும் தொடக்க ஆண்டுகளில் பகுதி ஒன்று தமிழ் (அல்லது இந்தி, பிரெஞ்சு), பகுதி இரண்டு ஆங்கிலம் படித்தாக வேண்டும். பல கல்லூரிகளில் இதற்கு இரண்டு மூன்று துறையினரை ஒரே அறையில் போட்டு அடைத்துவிடுவார்கள். வேதியியல்காரனும் வரலாற்றுக்காரியும் பக்கத்தில் உட்கார அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் எந்தக் கிழமை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கால அட்டவணை கிழமையில் ஓடாது, வேலை நாளை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் போகும் டே ஆர்டரில் ஓடும். விடுமுறை வந்தால் நாலாம் டே ஆர்டர் வெள்ளியிலிருந்து திங்களுக்குத் தள்ளிப்போகும். 'இன்னைக்கு என்ன டே ஆர்டர்?' என்று இசக்கி விழித்ததும் கேட்கிறான் என்றால், அவனுக்குப் பாடத்தின் மேல் அக்கறை என்று அம்மா நினைத்துக்கொள்ளட்டும். காதல் கதை எழுதியே தீருவேன் என்றால் இங்கே வையுங்கள். மழையில் வைக்காதீர்கள்.

இப்போது ராகிங். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் சீனியர்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடச் சொல்கிறார்கள், நாயகன் எதிர்த்துப் பேசுகிறான், கைதட்டல். இது முப்பது வருடத்துக்கு முந்தைய காட்சி. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997-இல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வந்தன. சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் இசக்கியின் அப்பா பேனாவைத் திறந்தபடி நிற்கிறார் என்று எழுதினால் போதும், சட்டம் கதைக்குள் வந்துவிடும். ராகிங் ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அது விடுதி அறைக்குள்ளும் போனுக்குள்ளும் போய்விட்டது. 'இன்ட்ரோ குடு' என்று நள்ளிரவில் வரும் அழைப்பு, அண்ணா போட்டுப் பேசவில்லை என்பதற்காக நோட்ஸ் கிடைக்காமல் போவது, ஆசிரியர்கள் இல்லாத வகுப்புக் குழுவில் ஒருவன் பேச்சை ஒலிப்பதிவாகப் போட்டுச் சிரிப்பது. மூன்றாவதை எழுதுங்கள், பதினேழு வயதுக்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை உங்கள் கதையில். பன்னிரண்டாம் பக்கத்தில் நால்வரும் அல்வா வாங்கித் தின்கிறார்கள். நெல்லை என்றால் அல்வா என்று வெளியூர்க்காரர்கள்தான் எழுத வேண்டும், அங்கே படிக்கிற பிள்ளை தினமும் தின்பது முட்டை பப்ஸ். அதை வாங்குகிற காசு எங்கிருந்து வருகிறது? உயர்கல்வி சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தொடங்கியது, 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்த ஆயிரம் அவர்கள் சொந்தக் கணக்கில் விழும். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பெயரில் வந்த பணம். பெனிட்டாவின் அம்மா அதைக் கேட்கவே மாட்டாள், 'இந்த மாசம் கேஸ் சிலிண்டர் வேற வாங்கணும்' என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள். அவ்வளவுதான். பெனிட்டா ஐந்நூறு எடுத்து டம்ளருக்கு அடியில் வைப்பாள்.

நட்பு முறிவதும் பெரிய துரோகத்தால் அல்ல, இருநூறு முன்னூறு ரூபாயால்தான். பிரஷர்ஸ் டேக்கு ஒரே நிறத்தில் சேலை கட்டுவோம், ஆளுக்கு அறுநூறு என்று வகுப்பு ரெப் குழுவில் போடுவாள். கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழும். பெனிட்டா மட்டும், 'அன்னைக்கு எங்க ஊர்ல அசனம், நான் வர மாட்டேன்' என்று எழுதுவாள். அசனம், அதாவது தேவாலயத்தில் ஊர் கூடிச் சாப்பிடும் விருந்து, அடுத்த மாதம்தான். இது அம்பையிலிருக்கும் மகாவுக்குத் தெரியும், அவளும் ஒவ்வொரு வருடமும் அங்கே போய்ச் சாப்பிட்டவள் ஆயிற்றே. ஆனால் புதுத் தோழிகளுக்குத் தெரியாது. பொய்யைக் கண்டுபிடிக்கக் கூடியவள் தொலைவில் இருக்கிறாள். தொலைவில் இருப்பதால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாதியைத் தொடவே இல்லை நீங்கள். இளையோர் கதைக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நெல்லை மாவட்டத்துப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைக்கூடப் பார்த்து வளர்ந்தவர்கள். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் மேல் நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் அந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று 2024-இல் கொடுத்த அறிக்கையில் எழுதியிருக்கிறது. அதைத் தெரியாதவர்கள்போல் உங்கள் ஆட்கள் நடந்துகொண்டால் வாசகர் நம்பமாட்டார். ஆனால் மேடைப் பேச்சு வேண்டாம், அடிதடியும் வேண்டாம். கல்லூரியில் அது வெளிப்படும் இடம் மிகச் சாதாரணமானது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் தாளோடு வருவார். கல்வி உதவித்தொகைப் படிவம் கொடுக்காதவர்கள் பட்டியல். தலைப்பில் பிரிவின் பெயர் இருக்கும், அதையும் சேர்த்தே சத்தமாக வாசிப்பார். அவருக்கு அது வேலை, மனதில் ஒன்றுமில்லை. பெயர் வாசிக்கப்பட்டவன் எழுந்து நிற்க வேண்டும். ஜூலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவான், அந்தப் பாடு தெரிந்துவிடும். அன்று மதியம் அவன் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்தானா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். இப்படி வாசிக்கக் கூடாது என்று சொல்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள், தாளை வாங்கித் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அப்படி ஒரு மேடத்தையும் கதையில் வையுங்கள், உண்மைக்குப் புறம்பாகாது.

மொழிக்கு வருகிறேன். நால்வரும் தமிழ்வழியில் படித்தவர்கள் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சரளமாகக் குறிப்பெடுக்க வைத்திருக்கிறீர்கள். நடப்பது வேறு. இசக்கிக்கு அணிக்கோவை தெரியும், தொகையிடல் தெரியும், பிளஸ் டூவில் 96 வாங்கியவன். கரும்பலகையில் அதே கணக்கு இருக்கிறது, அதைச் சுற்றிப் பேசுகிற பேச்சுதான் புரியவில்லை. கையில் விடை இருக்கும், எழுந்து சொல்ல வாய் வராது. முதல் மாதம் முழுக்க அவன் பேசும் ஒரே ஆங்கிலம் 'பிரசென்ட் சார்'. பக்கத்தில் ஆங்கிலவழியில் படித்துவந்த ஒருவன் தப்பான விடையை அழகாகச் சொல்லி, 'குட் ட்ரை' வாங்குவான். இசக்கியின் கோபம் அங்கே பிறக்கட்டும். அது காதர் மேல் போய் விழட்டும், ஏனென்றால் காதர் இருந்தபோது இருவரும் கணக்கை மேஜைக்கடியில் தமிழில் பேசிக்கொள்வார்கள்.

விடுதி, வார்டன், மெஸ் பில் பற்றி உங்களுக்கு எழுதத் தெரிந்திருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். கலாச்சார விழா அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், முதல் பருவத்தில் முதலாண்டுக்காரர்களுக்கு அதில் நாற்காலி தூக்குகிற வேலைதான்.

நாவல் எவ்வளவு காலத்தைச் சொல்ல வேண்டும் என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடமும் வேண்டாம், ஒரு வருடமும் வேண்டாம். மே மாதத்திலிருந்து முதல் பருவத் தேர்வு முடிவு வரை போதும். அதற்குள் ஒரு சேர்க்கை, ஒரு பிரிவு, இன்டர்னல் தேர்வு, வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய் கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கான கட்டணம்) கட்டச் சொல்லும் பட்டியல், மழைக்கால விடுமுறை, ஹால் டிக்கெட், பருவத் தேர்வு எல்லாம் தாமாகவே வரிசையாக வந்து நிற்கும். அத்தியாயம் பிரிக்க வேறு சட்டகம் தேட வேண்டாம். பத்து வருடம் கழித்து நால்வரும் ரயில் நிலையத்தில் சந்திக்கும் பின்னுரை எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை உங்கள் மடிக்கணினியிலேயே இருக்கவிடுங்கள்.

முடிவு வரும் இரவு இப்படித்தான் இருக்கும்: இணையதளம் திறக்காது, ஒருவன் எல்லோருடைய பதிவு எண்ணையும் வாங்கி விடிய விடியப் போட்டுப் பார்ப்பான். பார்க்கிறவன் காதராக இருக்கட்டும். அவன் வேறு கல்லூரிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது, இசக்கியின் பதிவு எண் இன்னும் அவன் போனில் இருக்கிறது. இசக்கி கேட்கவில்லை, காதர் தானாகப் போட்டுப் பார்க்கிறான். அதை மகாவுக்குத்தான் முதலில் சொல்கிறான். இசக்கியிடம் யார் சொல்வது என்று இருவரும் பேசிக்கொள்வதோடு நிறுத்தினாலும் எனக்குச் சம்மதமே. எந்தப் பாடத்தில் அரியர் என்பதை மட்டும் எழுதத் தொடங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் என்றுதான் யாரும் எழுதுவார்கள். நீங்கள் துணைப்பாடமான அலைடு கணிதத்தில் வையுங்கள்.